ஏசி இருந்த சுவர்

கழற்றிய ஏசிகளுக்குக் கணக்கு வைத்தவரில்லை அவர். ஆனால் ஒன்று நிச்சயம். கழற்றிய பிறகு எந்தச் சுவரையும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பெட்டியை இறக்கி, செம்புக் குழாயைச் சுருட்டி, பின்தகட்டைப் பிரித்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சுவரில் ஸ்க்ரூ இருந்த இடமெல்லாம் பொத்தலாக நிற்கும். குழாய் போன ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருக்கும். பெட்டி இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில், வெயில் படாத தோல் மாதிரி வெளிறிக் கிடக்கும்.

"என்னங்க இது, இப்படியே விட்டுட்டுப் போறீங்க?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

"பூச்சு வேலை நம்மது இல்லைங்க. கொத்தனாரைக் கூப்பிடுங்க" என்பார், ஏணியை மடக்கிக்கொண்டே.

ஒரு வீட்டு அம்மா சொன்னாள்: "பல்லைப் புடுங்கிட்டு, வாயை நீயே தைச்சுக்கோன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன்." அவர் அதற்கும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் தெருமுனைக்கு வந்துவிட்டார். அப்படிப்பட்ட ஆள். கடைத்தெருவில் அவருக்குக் 'கூலிங்' என்று பேர். தொழிலுக்காக வைத்தார்களா, குணத்துக்காக வைத்தார்களா என்று யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

இப்போது அப்படி ஒரு சுவர் அவருடைய படுக்கையறையிலேயே இருந்தது.

கட்டிலுக்கு எதிரே, கூரைக்குச் சற்றுக் கீழே, நீளமான வெளிறிய பட்டை. அதைச் சுற்றி அழுக்கு, கோடு போட்டது போல. மூலையில் கைமுட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. காலையில் அந்த ஓட்டை வழியாக ஒரு வெளிச்ச வட்டம் எதிர்ச்சுவரில் விழுந்து, மெல்ல நகர்ந்து, கட்டிலில் மனைவி படுக்கிற பக்கத்துத் தலையணைக்கு வந்து, அப்புறம் காணாமல் போகும். அவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். எழுந்து என்ன செய்வது?

வெயில் தொடங்கும்போது அவள் போனாள். இப்போது வானத்தில் மேகம் திரள ஆரம்பித்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது மிச்சம் இருக்கும். அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள், வாசலில் நின்றாள்.

"இந்த வீட்டுல வாயத் திறந்து பேசறது ஏசி ஒண்ணுதான். அதுவும் வெயில் காலத்துல மட்டும்" என்றாள். "தையல் கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. அங்க இருந்துக்கறேன்."

அவருக்குள் என்னென்னவோ எழுந்தன. வாய்க்கு வந்தது ஒன்றுதான். "சாப்பிட்டுப் போயேன்."

"சாப்பிட்டாச்சு."

அவ்வளவுதான் நடந்தது.

தையல் கடை மாடி வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியும். கீழே அவள் வேலை பார்க்கிற கடைக்கு ஏசி மாட்டியதே அவர்தான். அவளுக்கோ உள்ளிருந்தே சூடு கிளம்புகிற வயது. இரவில் திடுக்கென்று எழுந்து, கழுத்தெல்லாம் வேர்த்து, ஏசிக்கு நேரே நிற்பாள். இருட்டில் அவள் நிற்பதை அவர் தூங்குவதுபோலப் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள்கூட "என்ன செய்யுது?" என்று கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் தெரியுமே, கேட்டுத்தான் தெரியவேண்டுமா என்று நினைத்தார்.

ஒரு விடுமுறை நாளில் தன் வீட்டு ஏசியைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, அந்த மாடிக்குக் கொண்டுபோனார். அவள் கதவைத் திறந்தாள், பார்த்தாள், ஒதுங்கி வழிவிட்டாள். அவர் துளையிடும்போது வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டையை வெளிப்பக்கம் சாய்வாகப் போட்டார், எத்தனையோ முறை அளந்து. தூசியை அவரே பெருக்கினார். ஏசியை ஓடவிட்டு, காற்றில் கையை நீட்டிப் பார்த்து, "சரியா இருக்கு" என்றார். அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. இனி அவள்தான் பேசவேண்டும். அவள் பேசுவாள் என்று காத்திருந்தார். அவள் பேசவில்லை.

அப்போதுதான் அக்காவின் போன் வந்தது.

"டேய், அடுத்த வாரம் அங்க வர்றேன். கண்ணு மங்கலா இருக்கு, டாக்டர்கிட்டக் காட்டணும். ரெண்டு நாள் உன் வீட்டுல இருப்பேன். அவகிட்டச் சொல்லிடு."

"ம்."

"போனை அவகிட்டக் குடேன்."

"வெளிய போயிருக்கா."

பொய்கூட இல்லை அது.

சொந்தக்காரர்களை அவருக்குத் தெரியும். அக்காவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அவள் மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும். ஆளாளுக்குக் கிளம்பி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நியாயம் கேட்பார்கள். அதற்குப் பிறகு அவள் திரும்பி வர நினைத்தால்கூட அத்தனை கண்களையும் தாண்டித்தான் வாசற்படி ஏறவேண்டும். அவளுக்கு அவ்வளவு ரோஷம் இருந்தது. யாருக்கும் தெரியாதவரை அவள் போயிருக்கிறாள், அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் பிரிந்துவிட்டாள்.

அக்கா அந்த வீட்டுக்கு வந்தது ஒரே தடவை, அவர்கள் குடிவந்த புதிதில். அப்போது ஏசி கிடையாது. ஆகவே இந்தச் சுவரில் ஏசி இருந்ததே அவளுக்குத் தெரிய நியாயமில்லை. சுவர் மட்டும் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் போதும். 'ஏசி எங்கேடா?' என்ற கேள்வி வராது. அது வராவிட்டால் அடுத்த கேள்வியும் வராது.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தார். கூடத்துக் கடிகாரத்தை எடுத்து அந்த ஓட்டைக்கு மேல் மாட்டினார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். கூரைக்கு ஒட்டினாற்போல் ஒரு கடிகாரம். பல்லிகள்தான் மணி பார்க்கவேண்டும். கழற்றிவிட்டார்.

பெயின்ட் கடைக்குப் போனார். உரித்தெடுத்த காரைச் சில்லு ஒன்றைக் கல்லாமேசைமேல் வைத்தார்.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன நிறம் இது? பச்சையா, சாம்பலா?"

"பச்சையா இருந்தது."

"இருந்தது சரி. இப்ப எது வேணும், பழைய பச்சையா, அழுக்கான பச்சையா?"

"அழுக்கானது."

"அழுக்கை நான் டப்பாவுல அடைச்சு விக்கறதில்லையே, கூலிங்கு!" கடைக்காரர் உரக்கச் சிரித்தார். "நான் புதுசைத் தர்றேன். அழுக்கை நீங்களே வச்சுக்கங்க. வீட்டுல அவங்க ஏதாவது புதுசா கேட்டாங்களா? மொத்த ரூமுக்கும் அடிச்சிடலாமே?"

"வேணாம். கொஞ்சம் போதும்."

"கூலிங்கு வாயிலிருந்து மூணு வார்த்தை! இன்னிக்கு மழைதான்."

அவர் பொத்தல் அடைக்கிற புட்டிமாவும், உப்புத்தாளும், சின்ன டப்பா பெயின்ட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஸ்க்ரூ ஓட்டைகளிலிருந்து பிளாஸ்டிக் பிளக்குகளைக் குறடு கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தூசியை ஊதி, தண்ணீர் தொட்டு நனைத்து, புட்டியை வைத்து அழுத்தினார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டும் தடவிப் பார்த்தார். எத்தனை வீட்டில் எத்தனை ஓட்டை! ஒன்றை மூட இவ்வளவு நேரம் ஆகுமா என்று இருந்தது.

பெரிய ஓட்டையில்தான் கை நின்றது. சிமென்ட்டும் மணலும் குழைத்து வைத்து அடைத்தால் ஒரே வேலையாக முடிந்துவிடும், கல்லாகிவிடும்.

அந்த ஓட்டைக்கு ஒரு கதை உண்டு. குழாய் ஓட்டையை எப்போதும் வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துப் போடவேண்டும். அப்போதுதான் ஏசித் தண்ணீர் வெளியே ஓடும், மழைத் தண்ணீர் உள்ளே வராது. தொழிலில் முதல் பாடமே அதுதான். ஆனால் சொந்த வீட்டுக்குத் துளை போட்ட அன்று அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு தையல் கடையில் நடந்த ஏதோ கூத்தைச் சொன்னாள். அவர் அபூர்வமாகச் சிரித்தார். கை இறங்கிவிட்டது. ஓட்டை உள்பக்கம் சாய்ந்துவிட்டது. அன்று இரவே ஏசித் தண்ணீர் சுவர் வழியாக வந்து கட்டிலை நனைத்தது. "ஊருக்கெல்லாம் வெளிய தண்ணி, நமக்கு மட்டும் உள்ள தண்ணி" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீர்க் குழாயை அவர் வேறு பக்கம் திருப்பிவிட்டாரே தவிர, ஓட்டையை மாற்றவில்லை. தொழில்காரர் யாராவது பார்த்தால் மானம் போகும். ஆனால் அவள் சிரித்த ஓட்டை அது.

சிமென்ட்டை அவர் குழைக்கவில்லை. பழைய செய்தித்தாளைக் கசக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஓட்டைக்குள் திணித்தார். மேலே தோல் மாதிரி புட்டியை மெல்லியதாகப் பூசினார். மூடினார், அடைக்கவில்லை.

பெயின்ட் காய்ந்ததும் பார்த்தால் பழைய சட்டையில் போட்ட புதுத் துணி ஒட்டுப்போல அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அழுக்கை நீங்களே வச்சுக்கங்க. கடைக்காரர் சொன்னது சரிதான். தேயிலைத் தண்ணீரை ஆறவைத்து, துணியில் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தார். காற்றாடி இறக்கையில் படிந்திருந்த தூசியை எடுத்து மேலே தடவினார். மாலையில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தபோது எங்கே ஏசி இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

மறுநாள் காலை கண் விழித்தார். வெளிச்ச வட்டத்தைத் தேடினார். இல்லை. நேரம் என்னவென்றே தெரியாமல் வெகுநேரம் படுத்திருந்தார்.

அக்கா வந்தாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "எங்கடா அவ?" என்றாள்.

"அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல."

"ஓ. தங்கச்சிக்கா." அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். மங்கிய கண் என்றாள், ஆனால் பார்வை ஆணி அடிப்பது போல இருந்தது. "சரி. நீ ஏன் இப்படி இளைச்சுப் போன? அவளுக்கு உடம்பு சரியில்லைன்னா உனக்கு ஏன்டா இளைக்குது?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தாள், சுவர்களைப் பார்த்தாள்.

"ஏசிக்காரன் வீட்டுல காத்தாடியா?"

"வாங்கணும்."

"வாங்கணும், வாங்கணும்" என்று அக்கா தலையை ஆட்டினாள். "சுவரை நல்லா வச்சிருக்கடா. பழசு மாதிரியே இருக்கு."

அவருக்கு மூச்சு வந்தது. கூடவே, காரணம் புரியாமல், ஏதோ ஒன்று போனதுபோலவும் இருந்தது.

அடுத்த நாள் அக்காவைக் கண் டாக்டரிடம் காட்டிக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மூன்றாம் மாடியில் காலி செய்கிற வீடு. ஏசியைக் கழற்றிக் கீழே வைத்தபோது வானம் இருண்டது. வீட்டுக்காரப் பெண் சுவரைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவர் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தார், மூடினார். பையில் மிச்சப் புட்டி இருந்தது. எடுத்து, ஸ்க்ரூ ஓட்டைகளை மூட ஆரம்பித்தார்.

"பரவாயில்லையே, இதெல்லாம்கூடச் செய்வீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் மழை இறங்கியது. கிழக்கிலிருந்து, சாய்வாக, சுவரை அறைகிற மழை. அவருடைய படுக்கையறைச் சுவரும் கிழக்குச் சுவர்தான்.

உள்பக்கம் சாய்ந்த ஓட்டை. வெளியே ஏசிக் குழாய் இல்லை, அதைச் சுற்றி அப்பியிருந்த களிம்பு இல்லை. உள்ளே மட்டும் பூசி வைத்த மனுஷன் வெளியே மூட மறந்துவிட்டான். வெளியே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலையா? மறைக்க வந்தவன் செய்கிற வேலை.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

அக்கா கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டிருந்தாள். சுவரடியில் வாளி. பூசிய புட்டி கொப்புளமாக உப்பி உடைந்து தரையில் கிடந்தது. தேயிலைத் தண்ணீரின் பழுப்பு சுவரில் கோடு கோடாக வழிந்திருந்தது. செய்தித்தாள் உருண்டையை அக்கா உருவியெடுத்து ஓரமாக வைத்திருந்தாள். ஓட்டை மறுபடியும் வாயைத் திறந்துகொண்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் விட்டுக்கொண்டிருந்தது.

"துணியை மாத்து முதல்ல. தலையைத் துவட்டு" என்றாள் அக்கா.

மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா தேநீர் கொடுத்தாள். இரண்டு பேரும் வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா" என்றார் கடைசியில். "யார்கிட்டயும் சொல்லிடாத."

"எதை?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"ஏசி வந்த மறுநாளே அவ எனக்குப் போன் பண்ணிட்டா" என்றாள் அக்கா. "ஓட்டையைத் தப்பாப் போட்டு நீ கட்டிலை நனைச்சதைச் சொல்லி, அரை மணி நேரம் சிரிச்சா. வந்ததும் நான் அந்தச் சுவரைத்தான்டா பாத்தேன். நீ பேசாத ஆளுன்னா ஊருல யாருமே பேசமாட்டாங்கன்னு நெனச்சியா?"

அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

"போன வாரமும் பேசினா. கண்ணு கிண்ணு எல்லாம் சும்மா. அதுக்குத்தான் வந்தேன்."

"என்ன சொன்னா?"

"'அண்ணி, உங்க தம்பி ஏசியைக் கழட்டிக் கொண்டாந்து இங்க மாட்டிட்டுப் போயிட்டாரு. இனிமே நீ இங்கயே கிடன்னு ஒருத்தர் இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்லுவாரு'ன்னா. அழுதாடா."

"நான் அதுக்கா மாட்டினேன்? அவளுக்குச் சூடு தாங்காது. அதுக்காக..."

"அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அவளுக்குச் சொன்னியா?"

"சொல்லணுமா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வெளிய விடவேண்டியதை எல்லாம் உள்ளயே விட்டுக்கிட்டு உக்காந்திரு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், போ. என் மகன்கிட்டக் கண்ணு டாக்டர்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன். ஆனா அவகிட்ட நான் சொல்ல முடியாதுடா. அதை நீதான் சொல்லணும்."

சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குப் போனாள். குழாயை முழுதாகத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துப்போட்டு, தேவைக்கு அதிகமான சத்தத்துடன் கழுவ ஆரம்பித்தாள்.

அவர் போனை எடுத்து, வைத்து, எடுத்தார். ஓட்டைக்கு நேரே நின்றுகொண்டார்.

மணி போனது. எடுத்தாள். முதலில் கேட்டது ஏசியின் இரைச்சல். அவருக்குத் தெரிந்த இரைச்சல். இடது ஓரத்தில் லேசான நடுக்கம். கவனமாகத்தான் மாட்டினார், இருந்தும் ஒரு ஸ்க்ரூ இறுகவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

"மழை."

"இங்கயும்தான்."

வாளியில் சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"சுவத்துல தண்ணி உள்ள வந்துடுச்சு" என்றார்.

அவள் கேட்டாள்: "அந்த ஓட்டை வழியாவா?"

"ம்."

"அதை நீங்க அடைக்கலையா?"

"அடைக்கல."

"ஏன்?"

திரும்ப ஏசி மாட்ட வேணுமே என்று சொல்ல வாயெடுத்தார். அதுவும் ஏசியைப் பற்றிய பேச்சுதான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்புறம், நினைவு வந்தாற்போல, மறுபடி தொடங்கியது.

"சூடு தாங்கமாட்டன்னுதான் கொண்டாந்து மாட்டினேன்" என்றார். "அங்கயே இருன்னு இல்ல." ஒரு சொம்பு தண்ணீர் கிடைத்தால் தேவலை போல இருந்தது. "வீட்டுக்கு வா."

அவள் பக்கம் கீச் என்று ரிமோட்டின் சின்னச் சத்தம் கேட்டது. இரைச்சல் இறங்கி, இறங்கி, நின்றது. ஏசியை அணைத்துவிட்டாள்.

இப்போது அங்கேயும் மழைச் சத்தம் மட்டும்தான். அவள் மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. வழக்கம்போல அவள் பேசட்டும் என்று விட்டுவிடாமல், அடுத்து என்ன சொல்வது என்று அவர் தேடிக்கொண்டு நின்றார். அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.